இடிப்பது சுலபம்... திரும்பி வருவது? - தோசைக்கடை முதல் ஒலிம்பிக் பூங்கா வரை நியூஹாம் கதை!

லண்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பிடித்து ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், ஒரு நிமிஷம் குழப்பமாக இருக்கும். எதிரே ஹை ஸ்ட்ரீட் நார்த். நகைக்கடை, புடவைக்கடை, கொத்து ரொட்டி, மசால் தோசை, முருங்கைக்காய் அடுக்கிய மளிகைக்கடை. போர்டுகளில் தமிழ். 1980-களில் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களும், பின்னால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய தெரு இது.

அங்கிருந்து அதே ரயிலில் மூன்று ஸ்டேஷன் தாண்டி வெஸ்ட் ஹாமில் மாறி, இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் ஸ்ட்ராட்ஃபோர்டு. அங்கே ஒலிம்பிக் ஸ்டேடியம், ராட்சத ஷாப்பிங் மால், கண்ணாடி டவர்கள். இரண்டு இடங்களும் ஒரே நகராட்சிப் பகுதிக்குள்தான் இருக்கின்றன. பெயர், நியூஹாம்.

2021 கணக்கெடுப்புப்படி இங்கே மக்கள்தொகை சுமார் 3 லட்சத்து 51 ஆயிரம். அதில் தங்களை 'வெள்ளை பிரிட்டிஷ்' என்று பதிவு செய்தவர்கள் 15 சதவிகிதம்கூட இல்லை. பெங்காலி, உருது, குஜராத்தி, ருமேனியன், தமிழ் என்று ஒரே பஸ்ஸில் ஐந்தாறு மொழி காதில் விழும். கடந்த அறுபது வருஷத்தில் இந்தப் பகுதியை எத்தனை முறை இடித்து, எத்தனை முறை கட்டியிருக்கிறார்கள் என்பது ஒரு சினிமா கதை மாதிரி. 'ரீஜெனரேஷன்' என்று சொல்கிறார்களே, அந்த நகர மறுசீரமைப்பு நிஜத்தில் எப்படி நடக்கிறது, யாருக்கு லாபம், யார் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

டீ போட அடுப்பைப் பற்றவைத்தார்... கட்டடம் சரிந்தது!

நியூஹாம் என்ற பெயரே 1965-ல் வந்ததுதான். ஈஸ்ட் ஹாம், வெஸ்ட் ஹாம் என்று தனித்தனியாக இருந்த இரண்டு ஊர்களை இணைத்து உருவாக்கினார்கள். தெற்கே தேம்ஸ் நதியை ஒட்டி ராயல் டாக்ஸ் என்ற பிரமாண்ட துறைமுகம். அதை நம்பித்தான் சுற்றுவட்டாரமே பிழைத்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானங்கள் குறிவைத்ததும் அந்தத் துறைமுகத்தைத்தான். குண்டுகள் விழுந்தது தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகள்மீது. வெஸ்ட் ஹாமில் மட்டும் ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன.

போர் முடிந்ததும் வீடு வேண்டும், நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும். அப்போது கிடைத்த குறுக்கு வழிதான் ரெடிமேட் கட்டடம். ஃபேக்டரியில் கான்கிரீட் பலகைகளை வார்த்து, லாரியில் ஏற்றிவந்து, சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, போல்ட் போட்டு, சந்துகளில் சாந்து பூசிவிட்டால் வீடு தயார். தூண், உத்தரம் என்று தனி எலும்புக்கூடு கிடையாது. சுவரே சுமையைத் தாங்கும். டென்மார்க்கில் உருவான இந்த முறையில் கேனிங் டவுன் பகுதியில் 22 மாடி டவர் ஒன்றைக் கட்டினார்கள். பெயர், ரோனன் பாயின்ட். 1968 மார்ச்சில் திறந்தார்கள்.

திறந்து இரண்டு மாதம்தான் ஓடியிருந்தது.

மே 16, விடியற்காலை 5.45 மணி வாக்கில், 18-வது மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். இரவெல்லாம் கசிந்திருந்த கேஸ் வெடித்தது. சுமை தாங்கும் சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட்டது. அதை நம்பி நின்றிருந்த மேல்மாடிகள் இறங்கின. அந்தக் கனம் தாங்காமல் கீழ்மாடிகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. கட்டடத்தின் ஒரு மூலை, உச்சியிலிருந்து தரை வரை காணாமல் போனது. நான்கு பேர் இறந்தார்கள், 17 பேருக்குக் காயம். அடுப்பைப் பற்றவைத்த பெண்மணி உயிர் பிழைத்துவிட்டார் என்பதுதான் ஆச்சர்யம்.

இதைவிட ஆச்சர்யம், அதன் பிறகு நடந்தது. விழுந்த மூலையைத் திரும்பக் கட்டி, மறுபடி ஆட்களைக் குடிவைத்தார்கள்! சாம் வெப் என்ற கட்டடக்கலைஞர் 'இது ஆபத்து, இது ஆபத்து' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1986-ல் ரோனன் பாயின்ட்டை வெடிவைத்துத் தகர்க்காமல், மாடி மாடியாகக் கழற்றிப் பார்த்தார்கள். சாந்து நிரப்பியிருக்க வேண்டிய சந்துகளில் பழைய பேப்பரும் குப்பையும் திணித்திருந்தது வெளியே வந்தது. அவசரத்தில் கட்டியவர்கள் செய்த வேலை. அதே அச்சில் வார்த்த அக்கம்பக்கத்து டவர்களையும் பிறகு இடித்துவிட்டார்கள்.

ஒரு நல்லதும் நடந்தது. ஓரிடத்தில் சின்ன சேதம் ஏற்பட்டால் அது மொத்தக் கட்டடத்தையும் சாய்க்கும் அளவுக்குப் பரவக் கூடாது என்ற விதி 1970-ல் பிரிட்டன் கட்டட விதிகளில் சேர்ந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிங் வகுப்புகளில் ரோனன் பாயின்ட் ஒரு பாடம். ஆனால், அந்த ஊர்க்காரர்கள் மனசில் பதிந்தது வேறு. 'நமக்குன்னு கட்டினா இப்படித்தான் கட்டுவாங்க' என்கிற எண்ணம். இன்றைக்கும் கேனிங் டவுனில் கவுன்சில்காரர்கள் ஒரு வரைபடத்தோடு வந்தால், மக்கள் முதலில் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள் என்றால், அதில் வியக்க ஒன்றுமில்லை.

இந்த கேனிங் டவுனுக்கு நமக்கு நெருக்கமான இன்னொரு கதையும் உண்டு. வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்த காந்தி, 1931 செப்டம்பரில் சார்லி சாப்ளினைச் சந்தித்தது இங்கே பெக்டன் ரோட்டில் இருந்த ஒரு வீட்டில்தான். 'இயந்திரங்களை ஏன் எதிர்க்கிறீர்கள்?' என்று காந்தியிடம் கேட்டதைச் சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த வீடு டாக்டர் சுனி லால் காட்டியல் என்ற பஞ்சாபி மருத்துவருடையது. பின்னாளில் அவர் லண்டனின் ஃபின்ஸ்பரி பகுதிக்குப் போய், அங்கே பொதுச் சுகாதாரக் கமிட்டிக்குத் தலைவராகி, ஏழைகளுக்காக ஒரு நவீன மருத்துவமனையைக் கட்டவைத்தார். 1938-ல் திறந்த அந்த ஃபின்ஸ்பரி ஹெல்த் சென்டர், பிரிட்டிஷ் நவீனக் கட்டடக்கலையின் முக்கியமான கட்டடங்களில் ஒன்று. ஏழைகளுக்குக் கட்டினாலும் உயர்வாகக் கட்டலாம் என்று அப்போதே காட்டிவிட்டார் மனுஷன்!

ஃப்ரிட்ஜ் மலையிலிருந்து ஒலிம்பிக் பூங்கா

1981-ல் ராயல் டாக்ஸ் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. கன்டெய்னர் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போக, அவை ஆற்றுக்குள் இவ்வளவு தூரம் வர முடியவில்லை. வேலை போனது. பிறகு அங்கே லண்டன் சிட்டி ஏர்போர்ட் வந்தது, கண்காட்சி அரங்கம் வந்தது, இப்போது லண்டன் மேயரின் அலுவலகமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெரிய திருப்பம் வடக்கே, ஸ்ட்ராட்ஃபோர்டில்.

லீ நதிப் பள்ளத்தாக்கு என்பது ஒரு காலத்தில் லண்டன் தனக்கு வேண்டாததையெல்லாம் கொட்டிவைத்த இடம். ரசாயனத் தொழிற்சாலைகள், கார் உடைக்கும் பட்டறைகள், தூக்கிப்போட்ட ஃப்ரிட்ஜ்களை அடுக்கி அடுக்கி ஒரு 'ஃப்ரிட்ஜ் மலை'யே இருந்தது. 2005 ஜூலை 6-ம் தேதி சிங்கப்பூரில் வைத்து, 2012 ஒலிம்பிக் லண்டனுக்கு என்று அறிவித்ததும் இந்த நிலத்தின் தலையெழுத்து மாறியது. 52 உயர்அழுத்த மின்கோபுரங்களை எடுத்துவிட்டு, வயர்களைப் பூமிக்கடியில் கொண்டுபோனார்கள். விஷமேறிய மண்ணைத் தோண்டி, அலசி, சலித்து, திரும்பப் போட்டார்கள். 'மண் ஆஸ்பத்திரி' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கட்டடங்களைப் பொறுத்தவரை, குறை சொல்ல மனசு வரவில்லை. பாக்தாத்தில் பிறந்த ஜஹா ஹதீத் வடிவமைத்த நீச்சல் அரங்கத்தின் கூரை, எழும்பும் அலை மாதிரி இருக்கும். ஒலிம்பிக் சமயத்தில் இரண்டு பக்கமும் தற்காலிக இருக்கைகளை றெக்கை மாதிரி ஒட்டவைத்து, முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். இப்போது உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் நீச்சல் பழகுகிறார்கள். சைக்கிள் பந்தயத்துக்கான வெலோட்ரோமை ஊரே 'பிரிங்கிள்ஸ் சிப்ஸ்' என்று செல்லமாகச் சொல்லும். பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

114.5 மீட்டர் உயரத்துக்குச் சிவப்புக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் 'ஆர்பிட்' கோபுரத்தைப் படைத்தவர்கள் இரண்டு பேர். மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர், கொழும்பில் பிறந்த இன்ஜினீயர் செசில் பால்மண்ட். பணத்தில் பெரும்பகுதி லட்சுமி மிட்டலின் ஸ்டீல் கம்பெனி கொடுத்தது. அழகா, அலங்கோலமா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. எனக்கு அது, கட்டி முடித்த பிறகும் சாரத்தைப் பிரிக்க மறந்துபோன கட்டடம் போலத்தான் தெரிகிறது. 2016-ல் அதில் 178 மீட்டர் நீளச் சறுக்குமரத்தைச் சுற்றிவிட்டார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

அதே நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள்? கிளேஸ் லேன் என்ற இடத்தில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு இருந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் தனியாட்கள், குறைந்த வாடகையில், தாங்களே நிர்வாகம் செய்துகொண்டு வாழ்ந்த இடம். 2007-ல் அவர்களை வெளியேற்றி இடித்துவிட்டார்கள். வேறு வீடு கொடுத்தார்கள், ஆனால் ஆளுக்கொரு திசையில். கூட்டாக வாழ்ந்த வாழ்க்கைக்கு எந்த விண்ணப்பத்திலும் நஷ்டஈட்டுப் பத்தி இல்லை.

வீரர்கள் தங்கிய ஒலிம்பிக் கிராமம் 'ஈஸ்ட் வில்லேஜ்' என்று பெயர் மாறி, 2,818 வீடுகளானது. கிட்டத்தட்ட பாதி, குறைந்த வாடகை வகையறா. லண்டன் அளவுக்கு இது நல்ல விகிதம்தான். பிறகு அங்கேயும் வெளிச்சுவர் அடுக்குகளில் தீப்பாதுகாப்புக் குறைகள் தெரியவந்து, சரிசெய்யும் செலவு யார் தலையில் என்று வழக்கு நடந்தது. குடியிருப்பவர்கள் தலையில் அல்ல, கட்டிய நிறுவனங்கள் தலையில்தான் என்று 2024-ல் தீர்ப்பாயம் சொன்னது. ரோனன் பாயின்ட் ஞாபகம் வருகிறதா?

மொட்டைமாடியில் டி.வி கேமரா... கீழே காலி வீடுகள்!

ஸ்ட்ராட்ஃபோர்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கார்பென்டர்ஸ் எஸ்டேட். 1960-களின் இறுதியில் கட்டிய கவுன்சில் குடியிருப்பு. மூன்று டவர்கள், சுற்றி தோட்டம் வைத்த சின்ன வீடுகள், மொத்தம் சுமார் 700. 'டவர்களைச் செப்பனிட செலவு அதிகம்' என்று காரணம் காட்டி, 2000-களின் நடுவிலிருந்தே கவுன்சில் ஆட்களைக் காலி செய்யத் தொடங்கியது. ஒரு வீடு காலியானால் ஜன்னலுக்கு இரும்புத் தகடு. அடுத்த வீடு, அடுத்த தகடு.

2012-ல் ஒலிம்பிக் நடந்தபோது, பி.பி.சி அதில் ஒன்றான லண்ட் பாயின்ட் உச்சியில் ஸ்டூடியோ போட்டது. அங்கிருந்து ஸ்டேடியம் அம்சமாகத் தெரியுமே! உலகமே அந்த மாடியிலிருந்து விளையாட்டைப் பார்த்தது. காலடியில் கதவடைத்துக் கிடந்த வீடுகள் கேமராவுக்குள் வரவில்லை.

அந்த நிலத்தில் கேம்பஸ் கட்ட லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் பேச்சுவார்த்தை நடத்தியது. எதிர்ப்பு கிளம்பி, 2013-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு அந்தப் பல்கலைக்கழகம் ஒலிம்பிக் பூங்காவுக்குள்ளேயே தன் கிழக்கு கேம்பஸைக் கட்டிக்கொண்டது.

அதே 2013-ல், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு விடுதியில் கைக்குழந்தையோடு தங்கியிருந்த 29 இளம் தாய்மார்களுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. 'உங்களுக்கு லண்டனில் வீடு இல்லை, வேறு ஊர் போங்கள்' என்றார்கள். மான்செஸ்டர், பர்மிங்ஹாம் என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அம்மா, அக்கா எல்லாரும் இங்கே இருக்க, பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊருக்கு எப்படிப் போவது? அவர்கள் போகவில்லை. 'ஃபோகஸ் இ15' என்ற பெயரில் திரண்டு, வாராவாரம் தெருவில் நின்றார்கள். 2014 செப்டம்பரில் நேராக கார்பென்டர்ஸ் எஸ்டேட்டுக்குப் போய், பூட்டிக்கிடந்த வீடுகளைத் திறந்து குடியேறிவிட்டார்கள். 'இந்த மக்களுக்கு வீடு வேணும், இந்த வீடுகளுக்கு மக்கள் வேணும்' என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. பல வீடுகள் நாளைக்கே குடியேறலாம் என்ற நிலையில் இருந்தன. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார்கள். அப்போதைய மேயர், அந்தத் தாய்மார்களை நடத்திய விதத்துக்காகப் பிறகு பத்திரிகையில் மன்னிப்பு கேட்டார்.

'சரி, பழசை இடிச்சுட்டு புதுசு கட்டித் தர்றதுல என்னங்க தப்பு?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் கவுன்சில் வீட்டுக்கு 'சோஷியல் ரென்ட்' என்று ஒரு வாடகை. உள்ளூர் மக்களின் வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அரசு சூத்திரப்படி போடுவது. 2011-ல் 'அஃபோர்டபிள் ரென்ட்' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். பெயரைப் பார்த்தால் 'கட்டுப்படியாகும் வாடகை'. விதியைப் பார்த்தால், சந்தை வாடகையில் 80 சதவிகிதம் வரை வாங்கலாம். சும்மா ஒரு கணக்குக்கு, வெளியே மாத வாடகை 1,800 பவுண்டு என்றால் 'கட்டுப்படியாகும்' வாடகை 1,440 பவுண்டு வரை போகலாம். கடையில் பில் போடுபவருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவருக்கும் இது எப்படிக் கட்டுப்படியாகும்? எனவே, புதுத் திட்டத்தின் விளம்பரத்தில் 'அஃபோர்டபிள்' என்று பார்த்தால், 'எந்த வகை?' என்று கேட்க லண்டன்வாசிகள் பழகிவிட்டார்கள்.

அடுத்து, 1980 சட்டப்படி தள்ளுபடி விலையில் கவுன்சில் வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்கள். இடிக்கும்போது அவர்களுக்குச் சந்தை விலையும், அதற்கு மேல் 10 சதவிகிதமும் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பாதி வீடுகளில் இரும்புத் தகடு அடித்த எஸ்டேட்டில் சந்தை விலை என்ன பெரிதாக இருக்கும்? மறுபடியும் சும்மா ஒரு கணக்கு: பழைய ஃபிளாட்டுக்கு 10 சதவிகிதம் சேர்த்து 2,75,000 பவுண்டு கைக்கு வருகிறது, அதே இடத்தில் எழும் புது ஃபிளாட் 5 லட்சம் பவுண்டு. அறுபது வயதில் மிச்சத்துக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போவதுதான் வழி.

தனியார் கட்டும் திட்டங்களில் மூன்றாவதாக ஒன்று, 'வயபிலிட்டி' அறிக்கை. கட்டும் செலவு, நிலத்தின் விலை, விற்பனை வருமானம் எல்லாம் போட்டு, பில்டருக்கு வழக்கமாக 15 முதல் 20 சதவிகித லாபம் ஒதுக்குவார்கள். மிச்சம் இருந்தால்தான் ஏழைகளுக்கான வீடு. செலவு ஏறினால் குறைவது லாபம் அல்ல, அந்த வீடுகளின் எண்ணிக்கை.

போராட்டங்களால் ஒரு விஷயம் மாறியது. 2018 ஜூலையிலிருந்து, லண்டனில் பெரிய அளவில் எஸ்டேட்டை இடித்துக் கட்ட மேயரின் நிதி வேண்டும் என்றால், குடியிருப்பவர்களிடம் முதலில் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். கார்பென்டர்ஸ் எஸ்டேட்டில் 2021 டிசம்பரில் நடந்த ஓட்டெடுப்பில் பெரும்பான்மையினர் 'சரி' என்றார்கள். புதிய வீடுகளில் பாதி சோஷியல் ரென்ட்டில், வெளியேறியவர்களுக்குத் திரும்பி வரும் உரிமை என்பதெல்லாம் ஓட்டுக்கு முன் கொடுத்த வாக்குறுதிகள். மூன்று டவர்களில் ஒன்றான ஜேம்ஸ் ரைலி பாயின்ட்டை இடிக்காமல், கான்கிரீட் கூட்டை அப்படியே வைத்துப் புதுப்பிக்க முடிவு செய்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்பே இதை யோசித்திருக்கலாமே என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

வெண்டைக்காய் விற்கும் கான்கிரீட் கூரை

கட்டடக்கலை என்றால் பெரிய டிசைனர்கள் வரைவது மட்டும்தானா? ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி, அப்டன் பார்க். வெளியே வந்ததும் குவீன்ஸ் மார்க்கெட். 1960-களின் கான்கிரீட் கூரை, தாழ்வான வெளிச்சம். அழகுப் போட்டியில் எந்தப் பரிசும் வாங்காது. ஆனால் ஒரு கிண்ணம் தக்காளி, ஒரு கிண்ணம் பச்சைமிளகாய் என்று அளந்து கொட்டுவார்கள். வெண்டைக்காய், கருணைக்கிழங்கு, நேந்திரம், ஆட்டுக்கறி, ஆப்பிரிக்கத் துணிகள் எல்லாமே கிடைக்கும். குறைந்த வருமானக் குடும்பங்கள் இங்கே ஒரு வாரச் சமையலை முடித்துவிடும். புதிதாக நாட்டுக்கு வந்த ஒருவர், பெரிய முதலீடு இல்லாமல் ஒரு மேஜை போட்டுப் பிழைக்க ஆரம்பிக்கும் இடமும் இதுதான்.

இதையும் இடித்து, 31 மாடி டவரோடு புது வளாகம் கட்ட ஒரு திட்டம் வந்தது. வியாபாரிகளும் வாங்க வருபவர்களும் சேர்ந்து வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். தொழிலாளர் கட்சியின் கையில் இருந்த கவுன்சில் ஒப்புதல் கொடுத்தது. 2009-ல் அதை நிராகரிக்கச் சொல்லி உத்தரவிட்டவர், அப்போது லண்டன் மேயராக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் போரிஸ் ஜான்சன்! அரசியலில் இப்படியும் சில நாள் விடியும். மார்க்கெட் தப்பித்தது. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழிப்பறையைச் சரிசெய்யுங்கள் மாதிரியான கோரிக்கைகள்தான் அங்கே எப்போதும் முதலில் வரும். மறுசீரமைப்பு என்ற பெரிய வார்த்தைக்குள் இந்தச் சின்ன வேலைகள் ஏனோ அடங்குவதே இல்லை.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டும் இப்படித் தானாக உருமாறியதுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல் வரிசை வீடுகள். அகலம் கம்மி, ஆழம் அதிகம். கீழே கடை, மேலே வீடு. யூதத் தையல்காரரோ ஆங்கிலேய ரொட்டிக்கடைக்காரரோ இருந்திருக்கக்கூடிய அதே அளவு இடத்தில் இன்றைக்கு ஒரு தோசைக்கல் உட்கார்ந்திருக்கிறது. சர்ச் ரோட்டில், அதே மாதிரி சாதாரண வீடுகளுக்கு நடுவே முருகன் கோயிலின் கோபுரம் எழுந்து நிற்கிறது. யாரும் மாஸ்டர்பிளான் போடவில்லை. வாடகை கட்டுப்படியானது, அதனால் நடந்தது. எலிசபெத் லைன் ரயில் 2022-ல் பக்கத்து மேனர் பார்க் வழியாக ஓடத் தொடங்கியதில், வேலைக்குப் போகும் நேரம் குறைந்தது. வாடகை இனி எந்தப் பக்கம் போகும் என்பதுதான் கடைக்காரர்களின் கவலை.

குவீன்ஸ் மார்க்கெட்டிலிருந்து கிரீன் ஸ்ட்ரீட்டில் தெற்கே நடந்தால், வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி 1904 முதல் 2016 வரை விளையாடிய போலின் மைதானம் இருந்த இடம் வரும். ஒலிம்பிக் ஸ்டேடியத்தை 30 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து மாற்றிக்கட்டிய பிறகு, அணி அங்கே போய்விட்டது. பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது 800-க்கும் மேற்பட்ட ஃபிளாட்டுகள். பக்கத்தில் பார்க்கிங் ரோட்டில், 1938-ல் ஓடியன் தியேட்டராகத் திறந்த கட்டடம். அது மூடிக்கிடந்து, 1995-ல் போலின் சினிமாவாகி, இந்திப் படங்களும் தமிழ்ப் படங்களும் ஓடிய இடம். அதன் பிறகு கல்யாண மண்டபமானது.

அந்த முக்கில் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. 1966 உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய பாபி மூரைச் சக வீரர்கள் தோளில் தூக்கி நிற்கும் காட்சி. அணி போனாலும் சிலை அங்கேயேதான் இருக்கிறது. அதன் நிழலில், கையில் குவீன்ஸ் மார்க்கெட் பைகளோடு ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.